அந்த 128 இடங்கள் யாருக்கு?

1980இல் டிக் ஸ்மித் கடையில் 'சிஸ்டம் 80' வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் இயங்குதளம் என்று தனியாக எதையும் வாங்கவில்லை. பெட்டியைத் திறந்து, மின்னிணைப்பைக் கொடுத்து, தொலைக்காட்சியில் செருகினார். ஒரு சொல்லும் ஒரு குறியும் திரையில் வந்து நின்றன. 12 கிலோபைட் ரோம் சிப்புகளுக்குள் மைக்ரோசொப்டின் பேசிக் மொழி குடியிருந்தது. அதே பெட்டியில் கசெற் இயந்திரமும் பதிக்கப்பட்டிருந்தது. அமெரிக்க டண்டி நிறுவனத்தின் டி.ஆர்.எஸ்-80ஐப் பார்த்து ஹொங்கொங்கில் ஈ.ஏ.சி.ஏ. என்ற நிறுவனம் செய்த நகல் அது. அவுஸ்திரேலிய வீடுகளுக்குள் புகுந்த முதல் கணினி வரிசையில் அதற்கு நல்ல இடம் உண்டு.

அப்படியானால் 'எந்த இயங்குதளம்' என்ற கேள்வி எப்போது எழுந்தது? பிளொப்பி வந்தபோதுதான். சிஸ்டம் 80 கசெற்றில் நொடிக்கு 500 பிட் வேகத்தில் எழுதும். 16 கிலோபைட் நினைவகத்தை முழுதாக ஏற்ற நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒலியளவு சற்றே கூடினாலோ குறைந்தாலோ அந்த நாலு நிமிடமும் வீண். பிளொப்பி இயக்கி வாங்கியவருக்குக் கோப்புகளுக்குப் பெயர் வைக்கவும், வட்டில் எங்கே வெற்றிடம் இருக்கிறதென்று கணக்குப் பார்க்கவும், பழையதை அழிக்கவும் ஒரு மேலாளர் வேண்டியிருந்தது. அந்த மேலாளரைத்தான் 'டிஸ்க் ஒப்பரேட்டிங் சிஸ்டம்' என்றார்கள். டொஸ் என்ற குறுக்கம் அப்போது எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு டொஸ் எழுதி விற்கலாம்; பலர் விற்றார்கள்.

இந்தத் தேர்வைப் பற்றி அக்கால இதழ்களில் எழுதப்பட்டது ஏராளம். வேகம், வட்டின் கொள்ளளவு, கிடைக்கும் மென்பொருள், விலை என்று எல்லாவற்றையும் அளந்தார்கள். மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் இருந்துகொண்டு அவற்றைப் படிக்கும்போது ஓர் அளவுகோல் விடுபட்டிருப்பது கண்ணில் படுகிறது. இந்தப் புறநகரின் புலம்பெயர்ந்தோர் விடுதியான 'என்ரர்பிரைஸ்' 1970இல் திறந்து 1992இல் மூடப்பட்டது. வீட்டுக் கணினியின் இளமைக்காலம் முழுதும் அதற்குள் அடங்கிவிடும். அந்த ஆண்டுகளில் வியட்நாமியரும் கம்போடியரும் இங்கே வந்து இறங்கினார்கள். 1983 யூலை இனவன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவும் டண்டினோங், நோபிள் பார்க், ஸ்பிரிங்வேல் பக்கம் வீடெடுத்தன. இன்று கடைத்தெருவில் நடந்தால் நாலைந்து எழுத்து முறைகளில் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். இந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு ஓர் இயங்குதளத்தைப் பற்றிய முதல் கேள்வி, அது என் எழுத்தைத் திரையில் காட்டுமா என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியோடு பழைய இயந்திரங்களை மறுபடி வரிசைப்படுத்தினால் இதழ்கள் தந்த வரிசை தலைகீழாகிறது என்பதே என் கட்சி.

முதலில் சிஸ்டம் 80இலிருந்தே தொடங்கலாம். அக்கால வீட்டுக் கணினிகளில் இத்தனை இயங்குதளங்கள் போட்டியிட்ட களம் வேறில்லை. டண்டி தானே விற்றது டி.ஆர்.எஸ்.டொஸ், எழுதியவர் ரண்டி குக். 35 தடங்கள், தடத்துக்குப் பத்துத் துண்டுகள், துண்டுக்கு 256 பைட். ஒரு வட்டுக்கு மொத்தம் 89,600 பைட். அதற்குள்ளேயே இயங்குதளமும் உட்கார வேண்டும், ஏனென்றால் முதல் இயக்கியில் அதன் வட்டு எப்போதும் இருந்தாக வேண்டும். ஒரே ஓர் இயக்கி வைத்திருந்தவருக்கு மிஞ்சிய இடம் கொஞ்சம்தான். பிழைகளும் இருந்தன. அந்தப் பிழைகளைத் திருத்தப் புறப்பட்டவர்கள் ஆளுக்கொரு டொஸ் எழுதினார்கள். டென்வரின் அப்பரற் நிறுவனம் நியூடொஸ்/80 விற்றது. டொஸ்பிளஸ், மல்ரிடொஸ், எல்டொஸ் என்று வேறும் வந்தன. ரண்டி குக்கே டண்டியை விட்டு வெளியேறி வி.டி.ஓ.எஸ். என்று ஒன்றை எழுதினார். எல்டொஸ் அதிலிருந்து கிளைத்தது.

அவுஸ்திரேலியாவில் வென்றது நியூடொஸ்/80 என்றுதான் சொல்ல வேண்டும். அடிலெய்டிலிருந்து வந்த 'மைக்ரோ-80' இதழ் டண்டிக்காரரையும் சிஸ்டம் 80காரரையும் ஒரே குடும்பமாக வைத்து எழுதிவந்தது. அந்தக் குடும்பத்தில் நியூடொஸ் பொதுமொழியாகிவிட்டது. காரணம் அதன் அழகு அன்று. எவ்வகை இயக்கியையும் அதற்குப் பழக்கிவிடலாம். 'பீடிரைவ்' என்றொரு கட்டளை: இந்த இயக்கிக்கு எத்தனை தடம், தடத்துக்கு எத்தனை துண்டு, ஊசித்தலை ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு நகர எவ்வளவு நேரம் எடுக்கும், அடைவு எங்கே தொடங்குகிறது என்று எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் எண் தவறினாலும் வட்டு வாசிக்காது. கைவேலைக்காரனுக்கு அது சொர்க்கம், மற்றவர்க்கெல்லாம் தலைவலி. நண்பனின் 35 தட வட்டு, கடைக்காரரின் 40 தட வட்டு, இருமடங்கு அடர்த்தி வட்டு மூன்றையும் ஒரே மேசையில் வாசிக்க வேண்டுமென்றால் அதைவிட்டால் வழி குறைவு. கையேட்டைச் சேர்த்து ஒரு பிரதி எடுத்துத் தர அயலில் ஆளிருந்தது இன்னொரு காரணம். யாரும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

எல்டொஸ் இவற்றில் எல்லாம் ஒழுங்கானது. விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி, கோப்பு எல்லாவற்றையும் ஒரே வகைச் சாதனங்களாகப் பாவித்து, ஒன்றிலிருந்து வருவதை இன்னொன்றுக்குத் திருப்பிவிடும். ஒரு சின்ன வடிகட்டி நிரலை இடையில் சொருகி, போகும் எழுத்தை வேறோர் எழுத்தாக மாற்றவும் முடியும். தமிழ் விசைப்பலகை செய்யப் புறப்பட்ட எவருக்கும் வேண்டியது இதுதான். ஸ்பிரிங்வேலில் ஒரு நண்பர் தன் கராஜில் இன்னும் ஒரு சிஸ்டம் 80ஐ உயிரோடு வைத்திருக்கிறார். எல்டொஸ் வட்டைப் போட்டு இயக்கியதும் அது திகதி கேட்கிறது. அவுஸ்திரேலிய வழக்கப்படி நாளை முதலில் கொடுத்தால் ஏற்காது. மாதம் முன்னால் வர வேண்டும். இன்றைய ஆண்டைக் கொடுத்தாலும் ஏற்காது. கோப்பின் ஆண்டைக் குறிக்க அதை எழுதியவர்கள் மூன்று பிட் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பிட்டில் எட்டு ஆண்டுதான் அடங்கும், 1980 முதல் 1987 வரை. நண்பர் ஒவ்வொரு முறையும் 85 என்று கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். வட்டு கரகரத்து, கட்டளைக்கோடு வந்து நிற்கிறது. நாற்பது வருடப் பழைய காந்தப் பூச்சு இன்னும் படிக்கக் கொடுக்கிறதே என்பதுதான் எனக்கு வியப்பு.

ஆனால் என் கேள்விக்கு இந்த ஆறு டொஸ்களும் ஒரே பதிலைத்தான் தந்தன: முடியாது. குற்றம் அவற்றினுடையதன்று. டண்டியின் வடிவமைப்பாளர்கள் ஒரு நினைவகச் சிப்பின் காசை மிச்சம் பிடிக்கத் திரைக்கு ஓர் எழுத்துக்கு ஏழு பிட் மட்டும் வைத்தார்கள். அதனால் ஆங்கிலச் சிற்றெழுத்தே திரையில் வராது. பழைய சிப்பின் முதுகில் இன்னொரு சிப்பை ஒட்டவைத்தால்தான் வரும். சிஸ்டம் 80இலும் அதே கதைதான்; சிற்றெழுத்துக்குத் தனி உபகரணம் விற்றார்கள். 128க்கு மேற்பட்ட குறியெண்களில் 64 கட்டங்கட்டமான வரைபடக் குறிகள் மட்டும் இருந்தன. அவற்றால் திரை முழுதையும் 128க்கு 48 புள்ளிகளாக நிரப்பலாம். எழுத்துக்கு எட்டுக்குப் பத்துப் புள்ளி என்று வைத்தால் ஒரு வரிக்கு 16 எழுத்து, திரைக்கு நாலே வரி. அம்மா என்று பெரிதாக எழுதிக் குழந்தைக்குக் காட்டலாம். கடிதம் எழுத முடியாது.

அந்தக் காலத்தின் 'கௌரவமான' பதில் சி.பி./எம். கரி கில்டால் 1974இல் எழுதத் தொடங்கியது. பின்னர் கலிபோர்னியாவின் பசிபிக் குரோவில் டிஜிற்றல் ரிசேர்ச் என்ற பெயரில் விற்றது. வேர்ட்ஸ்டார், டிபேஸ், டேர்போ பஸ்கால் எல்லாம் அதன்மேல் ஓடின. இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் பகுதியைத் தனியே பிரித்து 'பயோஸ்' என்று வைத்தது கில்டாலின் பெரிய யோசனை. இயந்திரம் மாறினால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும். வேலைக்குப் பயன்படும் கணினி வேண்டுமென்றால் சி.பி./எம். ஓடுவதாகப் பார்த்து வாங்கு என்று 1982இல் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

சிஸ்டம் 80 வைத்திருந்தவர் அந்த அறிவுரையைக் கேட்டு நடக்கவே முடியாது. சி.பி./எம்.முக்கு நினைவகத்தின் 0ஆம் இடத்திலிருந்து எழுதத்தக்க நினைவகம் வேண்டும். நிரல்கள் எல்லாம் 256ஆம் இடத்தில் தொடங்குவதாக எழுதப்பட்டவை. டண்டி வடிவமைப்பிலோ அந்த இடத்தில் ரோம் உட்கார்ந்திருக்கிறது. 0இலிருந்து 12,287 வரை பேசிக், 15,360இலிருந்து திரை, 16,384க்கு மேலேதான் எழுதத்தக்க நினைவகம். அதற்கேற்ப இடம்மாற்றிய ஒரு சி.பி./எம். விற்கப்பட்டது உண்மை. ஆனால் இடம்மாறிய இயங்குதளத்தில் இடம்மாறாத நிரல்கள் ஓடா. பெயர் சி.பி./எம்., பயன் எதுவுமில்லை. வன்பொருளில் கைவைத்து நினைவக வரைபடத்தையே மாற்றும் அட்டைகளும் வந்தன. அதற்குச் செலவழிப்பவர் வேறு கணினியே வாங்கியிருக்கலாம்.

சி.பி./எம். ஓடிய இயந்திரங்களுக்கிடையிலும் ஒற்றுமை இல்லை. எட்டு அங்குல வட்டுக்கு ஐ.பி.எம். வைத்த ஒரு பொது முறை இருந்தது. ஐந்தேகால் அங்குல வட்டு வந்ததும் ஒஸ்போர்னுக்கு ஒன்று, கேப்ரோவுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு முறை. இயங்குதளம் ஒன்று, வட்டு வேறு. எனவே, 'எல்லா மென்பொருளும் ஓடும்' என்ற பெருமைக்குப் பின்னால், 'உன் இயந்திரத்தின் வட்டில் யாராவது பதிந்து தந்தால்' என்ற நிபந்தனை எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுத்து விஷயத்தில் சி.பி./எம். முழுக்குருடு. தூரத்தில் ஒரு முனையம் இருக்கிறது, அதற்கு எழுத்தின் குறியெண்ணை அனுப்பினால் அது பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் உலகம். எழுத்தின் வடிவம் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சொற்செயலியான வேர்ட்ஸ்டார் இன்னும் மோசம். எட்டாவது பிட்டைத் தன் சொந்தக் குறிப்புகளுக்கு எடுத்துக்கொண்டு, சொல்லின் கடைசி எழுத்தில் அதை ஏற்றிவைக்கும். 128க்கு மேலே யாராவது குடியேற நினைத்தால் அங்கே வேர்ட்ஸ்டார் ஏற்கெனவே கட்டில் போட்டுப் படுத்திருக்கும்.

இனி மைக்ரோபீ. 1982 பெப்ரவரியில் 'யுவர் கொம்பியூட்டர்' இதழில், வாங்கிப் பற்றவைத்துச் செய்துகொள்ளும் கருவித்தொகுதியாக வெளிவந்தது. நியூ சவுத் வேல்ஸில் ஓவன் ஹில் நடத்திய அப்ளைட் டெக்னோலொஜி நிறுவனத்தின் படைப்பு. பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போனது, சுவீடனுக்கும் ரஷ்யாவுக்கும்கூட ஏற்றுமதியானது. அதன் முதல் இயங்குதளமும் ரோம் பேசிக்தான். ஆனால் ஒரு வித்தியாசம்: நினைவகத்துக்குப் பற்றரி உண்டு. மின்சாரத்தை நிறுத்தினாலும் எழுதிய நிரல் அப்படியே இருக்கும். வட்டு இல்லாத குடும்பத்துக்கு அதுவே பாதி இயங்குதளம். பிறகு வந்த வட்டு இயக்கிகளோடு சி.பி./எம். 2.2 வந்தது. இந்த இயந்திரத்தில் அதற்கு இட நெருக்கடி இல்லை, எழுதத்தக்க நினைவகம் 0இலிருந்தே கிடைத்தது.

எனக்கு மைக்ரோபீ பிடித்த காரணம் வேறு. அதன் திரை 64 எழுத்து அகலம், 16 வரி உயரம். ஒவ்வொரு எழுத்தும் எட்டுப் புள்ளி அகலம், பதினாறு புள்ளி உயரம் கொண்ட கட்டம். 0 முதல் 127 வரை ரோமில் இருக்கும் ஆங்கிலம். 128 முதல் 255 வரை உள்ள வடிவங்கள் ரோமில் இல்லை. இரண்டு கிலோபைட் நினைவகத்தில் இருந்தன. அந்த நினைவகம் 63,488ஆம் இடத்தில் தொடங்கும். அதில் நீங்கள் எழுதுவதுதான் எழுத்து. எழுத்துக்குப் பதினாறு பைட் என்றால் 128 எழுத்துக்கு 2,048 பைட். கணக்கு நேராக வருகிறது. பேசிக்கிலிருந்தும் எழுதலாம், சி.பி./எம். ஓடும்போதும் எழுதலாம். விளையாட்டுகளுக்குப் பொம்மை வரையத்தான் இதை வைத்தார்கள். தமிழுக்கு இது போதுமா?

எண்ணிப் பார்க்கலாம். உயிரில் ஔவை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து எழுதிக்கொள்வோம், மிச்சம் 11. ஆய்தம் ஒன்று. ஆக 12. மெய் பதினெட்டுக்கும் புள்ளியிட்டது, அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவம் வேண்டும். கட்டத்துக்குள் கட்டம் ஏற முடியாது. ஆகவே புள்ளியையும் கொக்கியையும் தனியே வைத்து ஒட்டமுடியாது. அது 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கும் தனித்து நிற்பவை. மொத்தம் 124. இருக்கும் இடம் 128! மீதி நாலு இடத்தில் கிரந்தத்துக்கு ஜ, ஷ, ஸ, ஹ வைத்தால் கடைசி இடமும் நிரம்பிவிடும். பிறகு ஸ்பிரிங்வேல் என்று எழுதப் புள்ளி வைத்த ஸ் இல்லாமல் போகும்.

இந்த 124 சீர்திருத்த எழுத்துக்கான கணக்கு. தமிழ்நாடு அரசு 1978 ஒக்டோபரில் ஆணையிட்டு மாற்றிய ணா, றா, னா வடிவங்களையும், யானைத் தும்பிக்கை போல வளையும் ணை, லை, ளை, னை வடிவங்களையும் பழையபடி வைக்க வேண்டுமென்றால் ஏழு கூடி 131 ஆகும். கிரந்தம் எதுவுமில்லாமலே நிரம்பி வழியும். ஈழத்திலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள் படித்த புத்தகங்கள் பழைய எழுத்தில் இருந்தவை. அச்சுக்கோப்புக்காகவும் தட்டச்சுக்காகவும் செய்த ஒரு சீர்திருத்தம் அப்படியே கணினிக்கும் வழிவிட்டது என்பதை இந்த 131 நன்றாகக் காட்டுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. எழுத்துக்கு நடுவே இடைவெளிக்கு ஒரு புள்ளி போனால் அகலத்தில் மிஞ்சுவது ஏழு. இரண்டு சுழி னவை முக்கித் திணிக்கலாம்; மூன்று சுழி ண சுழிகளுக்கிடையே வெளிச்சம் தெரியாமல் கட்டியாகிவிடும். ஆ, ஐ, ஞ போன்றவற்றுக்கும் அகலம் போதாது. அவற்றுக்கு இரண்டு கட்டம் கொடுத்தால் இடக்கணக்கு உதைக்கும். உகர வால்களில் சிலவற்றைத் தனியே பிரித்து வலப்பக்கக் கட்டத்தில் வைத்து இதைச் சமாளிக்கலாம். அழகாயிராது, வாசிக்கலாம். பிந்திய பிரீமியம் வகைகளில் வடிவ நினைவகமே பெருகியது, அதோடு இந்த நெருக்கடி தீர்ந்தது. மேலும் ஒன்று முக்கியம்: ஆங்கிலம் ரோமில் தொடப்படாமல் இருக்கிறது. கீழ்ப்பாதி ஆங்கிலம், மேற்பாதி தமிழ், ஒரே வரியில் இரண்டும். வட்டில் சாதாரண எழுத்துக்கோப்பாகவே சேமிக்கலாம். தலை கனத்த எந்த இயங்குதளத்தின் தயவும் தேவையில்லை.

எங்கள் தெருவின் மற்ற மொழிகளுக்கு? வியட்நாமியம் ரோமன் எழுத்துத்தானே, சுலபம் என்று தோன்றும். அவர்களுக்கு உயிரெழுத்து 12, தொனி ஆறு. பெருக்கினால் 72. ஆங்கிலத்தில் ஏற்கெனவே உள்ள ஆறைக் கழித்தால் 66. பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக 132. குறுக்குக் கோடிட்ட டகரம் இரண்டு. ஆக 134, அதாவது 128ஐவிட ஆறு கூட. 1992இல் அவர்கள் 'விஸ்கி' என்ற குறியீட்டை வகுத்தபோது அந்த ஆறையும் வேறு வழியின்றிக் கட்டுப்பாட்டுக் குறியெண்களின் இடத்துக்குள் தள்ளினார்கள். சில நிரல்கள் அந்த இடத்து எழுத்தைக் கண்டால் அச்சுப்பொறிக்கான கட்டளை என்று நினைத்துக்கொள்ளும் ஆபத்து அதில் இருந்தது. கெமர் எழுத்தோ மெய்யின் காலடியில் இன்னொரு மெய்யைத் தொங்கவிடுவது. 128 எந்த மூலைக்கும் காணாது.

மற்ற வீட்டு இயந்திரங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். டிக் ஸ்மித் 1983இல் கொண்டுவந்த வி.இசட்.200 மலிவானது, ஆனால் எழுத்தை மாற்ற இடம் தராதது. கொமடோர் 64இன் இயங்குதளம் ரோமில். 256 எழுத்தையும் மாற்றி வரையலாம், ஆனால் எட்டுக்கு எட்டுப் புள்ளிதான். தமிழின் மேல்விலங்குக்கும் கீழ்வாலுக்கும் உயரம் போதாது. 1986இல் அதற்கு வந்த ஜியோஸ், படமாக வரையும் திரையையும் பல எழுத்துருக்களையும் 64 கிலோபைட்டில் திணித்துக் காட்டியது. மெச்சத்தக்க வித்தை, வேகம்தான் இல்லை. அம்ஸ்ராட் 6128 ஒரே வட்டு இயக்கியில் அம்ஸ்டொஸ், சி.பி./எம். பிளஸ் இரண்டும் தந்தது. எழுத்தை மாற்றும் கட்டளை பேசிக்கிலேயே இருந்தது. அமிகாவின் இயங்குதளம் ஒரே நேரத்தில் பல வேலை செய்தது, எழுத்துருக்களைக் கோப்பாக வைத்தது. தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் 1987இல் வீட்டுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதை விளையாட்டுச் சாமான் என்றே வீடுகள் எண்ணின.

சிட்னியில் இன்னொரு கூட்டம் வேறு வழியில் போனது. 1986 வாக்கில் வந்த அப்பிளிக்ஸ் 1616, 68000 செயலியோடு கையால் பற்றவைக்கும் கணினி. அதற்கு எந்த இயங்குதளத்தைத் தெரிவுசெய்வது என்ற கேள்விக்கு அவர்கள் தாங்களே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். அதைச் செய்தவர்களில் ஒருவரான அன்ட்ரூ மோர்ட்டன்தான் பின்னாளில் லினக்ஸ் கருவின் 2.6 வரிசையைப் பராமரித்தவர்.

இவை எல்லாவற்றையும் தின்று தீர்த்தது ஐ.பி.எம். 1981 ஓகஸ்ட் 12இல் அறிவிக்கப்பட்ட அந்த இயந்திரத்துக்கும் தொடக்கத்தில் தெரிவு இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பி.சி. டொஸ் 40 அமெரிக்க டொலர். சில மாதம் கழித்து வந்த சி.பி./எம்-86 240 டொலர். யூ.சி.எஸ்.டி. பி-சிஸ்டம் மூன்றாவது. சியாட்டிலில் ரிம் பற்றேர்சன் எழுதியதை மைக்ரோசொப்ட் வாங்கித் திருத்தித் தந்ததுதான் டொஸ். சி.பி./எம்.மின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரியும். ஆறு மடங்கு விலை வித்தியாசம். மக்கள் எதை எடுப்பார்கள் என்று நிபுணரைக் கேட்கத் தேவையில்லை. 1986இன் அம்ஸ்ராட் 1512 எம்.எஸ். டொஸ், டிஜிற்றல் ரிசேர்ச்சின் டொஸ் பிளஸ் இரண்டையும் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்தது. பெரும்பாலோர் இரண்டாவது வட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மேல் 128 விஷயத்தில் இந்த வெற்றி எங்களுக்கு ஒரு பின்னடைவு. ஐ.பி.எம். அந்த இடங்களை ஐரோப்பிய எழுத்துகளாலும் கணக்குக் குறிகளாலும் பெட்டி வரையும் கோடுகளாலும் நிரப்பி ரோமில் பூட்டிவிட்டது. மலிவான மைக்ரோபீயில் திறந்து கிடந்த கதவு, பல மடங்கு விலைகொண்ட பி.சி.யில் அடைபட்டிருந்தது. 1984இன் ஈ.ஜி.ஏ. அட்டையும் பிறகு வி.ஜி.ஏ.யும் வந்தபின்தான் எழுத்துவடிவத்தை ஏற்ற முடிந்தது. அவை வீட்டுக்கு எட்டும் விலைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. அதுவரை திரையைப் படமாக்கி ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியாக வரைய வேண்டும், அல்லது இந்தியாவின் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் போன்ற தனி அட்டை வாங்க வேண்டும்.

அந்த மூடிய கதவுக்கு வெளியே இருந்துகொண்டுதான் தமிழர்கள் வேலை செய்தார்கள். கனடாவிலிருந்து கே. சீனிவாசன் 1984இல் டொஸ்ஸுக்கு 'ஆதமி' எழுதினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். டொஸ் தமிழுக்கு ஏற்றது என்பதால் இவர்கள் எல்லாரும் அதைத் தெரிவுசெய்யவில்லை. வாங்குவோரிடம் இருந்தது அதுதான். 1984இல் வந்த மக்கின்ரொஷ் எழுத்துருவை இயங்குதளத்தின் இயல்பான பகுதியாக வைத்தது. தமிழ் எழுத்துரு ஒன்றை வரைந்து இட்டால் எந்தச் செயலியிலும் எழுதலாம், அச்சிடலாம். எழுத்து என்ற ஒற்றை அளவுகோலில் அக்காலத்தின் மிகச் சிறந்த பதில் அது. விலையைக் கேட்டால், விடுதியிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறி, இரவு முறை வேலைக்குப் போன குடும்பம் அதை நினைத்தும் பார்த்திராது.

ஆகவே 1980களின் ஸ்பிரிங்வேலில் கணினி வாங்கப் போகும் ஒருவர் என்னிடம் வந்து கேட்டிருந்தால், வட்டு இயக்கியோடு கூடிய மைக்ரோபீயை வாங்கி, சி.பி./எம்.மில் கணக்கு வழக்கையும் பேசிக்கில் தமிழையும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். பிள்ளையின் பள்ளியில் அது இருந்தால் இன்னும் வலுவாகச் சொல்லியிருப்பேன். என் சொல்லை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இயங்குதளத்தைத் தெரிவுசெய்தது பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஐ.பி.எம். பார்த்துவந்த மாமா, இல்லாவிட்டால் வட்டு நகலெடுத்துத் தரும் பக்கத்து வீட்டுப் பையன். அதில் தவறுமில்லை. கைகொடுக்க ஆளில்லாத நல்ல இயங்குதளத்தைவிட, அயலில் நாலு பேர் வைத்திருக்கும் சுமாரானது வீட்டுக்கு உபயோகம்.

128 கணக்கு அங்கேயே முடிந்துவிடவில்லை. விண்டோஸ் பரவி எழுத்துரு மாற்றுவது சுலபமானபின், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் மேற்பாதியைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் குப்பையாகத் தெரிந்தது. 1990களின் பிற்பாதியில் உருவான 'டிஸ்கி' கீழே ஆங்கிலம், மேலே தமிழ் என்ற அதே பங்கீட்டை ஒரு பொது ஒப்பந்தமாக்கியது. விண்டோஸ் எழுத்துருவில் எழுத்தின்மேல் எழுத்து ஏற முடியும் என்பதால், டி, டீ தவிர்ந்த இகர ஈகாரக் கொக்கிகளைத் தனியே வைத்து இடம் மிச்சம் பிடித்தது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டை வைத்தது. சண்டை நீண்டது. இதற்கிடையில் 1991இலேயே யுனிகோட் இந்திய அரசின் இஸ்கி முறையைப் பின்பற்றித் தமிழுக்கு ஒரு தொகுதி ஒதுக்கியிருந்தது. அதிலும் 128 இடங்கள்தான். ஐம்பதுக்கு மேற்பட்டவை இன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன, ஏனென்றால் அங்கே வடிவங்களை அடுக்க வேண்டியதில்லை. கு என்பது ககரமும் உகரக் குறியும். அதை வரைவது இயங்குதளத்தின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பை முதலில் ஏற்ற விண்டோஸ், 'லதா' எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000. அது அலுவலகங்களுக்கானது, வீடுகளில் அப்போது ஓடியது விண்டோஸ் 98. வீட்டுக்காரருக்கு அந்த வசதி 2001இன் எக்ஸ்.பி.யில்தான் கிடைத்தது. அதிலும் கட்டுப்பாட்டுப் பலகத்தின் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகள் என்ற சதுரத்தில் குறியிட்டு, கேட்கும்போது விண்டோஸ் குறுந்தட்டைப் போட வேண்டும். கணினியைக் கடையில் கட்டுவித்து வாங்கிய பல வீடுகளில் அந்தக் குறுந்தட்டு இருக்கவில்லை. டிஸ்கி மேலும் பல வருடம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம்.